தாவினானா, பாய்ந்தானா?



இந்தச் சொற்பொழிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். நீதிமன்றத்தைப் பற்றிப் பேசக் கூடாது. இதை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் நாற்பது வருஷம் கறுப்பு அங்கி போட்டவர். ஓய்வுக்குப் பிறகும் அதையே உட்கார்ந்து கேட்க அவருக்குப் பொறுமை இருந்திருக்காது. சென்ற ஆண்டு பேசியவர் ஏரிப் பாசனத்தில் மடை திறக்கும் முறையைப் பற்றி அருமையாகப் பேசினார். நான் ரக்பியை எடுத்துக்கொண்டேன். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள்: "உங்களுக்கு ரக்பி ஆடத் தெரியுமா?" தெரியாது. கொலை வழக்கு நடத்துகிறவர்கள் எல்லோரும் கொலை செய்து பழகியவர்களா என்ன?

ஆனால் பார்த்திருக்கிறேன். என் சித்தியைக் கண்டியில் கொடுத்திருந்தது. கல்லூரிக் காலத்தில் ஒரு விடுமுறைக்கு அங்கே போனபோது சித்தப்பா என்னை நித்தவல மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஃபுட்போல் எண்டு நினைச்சுக்கொண்டு வராதையும் தம்பி, இது ரகர்" என்று வழியிலேயே எச்சரித்தார். நல்ல மழை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கோட்டுக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பையன்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்தார்கள். எந்தக் கால் எவனுடையது என்று தெரியாத சேற்றுக் குவியல். எங்கோ அடியில் பந்து. நடுவர் மண்டியிட்டு, கன்னம் கிட்டத்தட்டத் தரையில் படும்படி குனிந்து பார்த்தார். எழுந்தார். விசில் ஊதிக் கையை உயர்த்தினார். ட்ரை.

சித்தப்பா குடையை மடக்கித் தரையில் குத்தினார். "படவே இல்லை!"

நாங்கள் நின்ற இடம் எண்பது அடி தள்ளி. பந்து அவர் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை. "நீங்க பாத்தீங்களா சித்தப்பா?" என்றேன்.

"பந்தைப் பாக்கத் தேவையில்லை. அந்தப் பெடியன் எழும்பேக்கை அவன்ர முகத்தைப் பாத்தனான்."

அந்த முகத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில், ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வாக்கியம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். பின்னால் எறியலாம், முன்னால் எறியக் கூடாது. எதிரணியின் கோட்டை அடைந்து பந்தை மண்ணில் பதித்தால் அதற்குப் பெயர் ட்ரை, இன்றைய கணக்கில் ஐந்து புள்ளி. இதற்கு மேல் தெரியாவிட்டாலும் குறையில்லை. இந்த ஆட்டத்தின் சட்டம் முழுவதும் தெரிந்தவர்கள் உலகில் மிகக் குறைவு; ஆடுகிறவர்களில் அதைவிடக் குறைவு.

'சட்டம்' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கிரிக்கெட்டைப் போலவே ரக்பியிலும் அவை விதிகள் அல்ல, சட்டங்கள். அந்தப் பெயருக்கு ஏற்றபடி அங்கே வழக்காடுதல் உண்டு, மேல்முறையீடு உண்டு, நூறாண்டு கடந்தும் ஆறாத மனத்தாங்கலும் உண்டு.

ட்ரை என்ற சொல்லே ஒரு பழைய ஆவணம். முயற்சி என்று பொருள். எதற்கு முயற்சி? தொடக்கத்தில் கோட்டைக் கடந்து பந்தைப் பதித்தால் ஒரு புள்ளியும் கிடையாது. கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் கோல் போட 'முயன்று பார்க்கும்' உரிமைதான் கிடைக்கும். அந்த உதை உள்ளே போனால்தான் கணக்கு. 1890களில் ட்ரைக்கு மூன்று புள்ளி வந்தது, 1971இல் நான்கு, 1992இல் ஐந்து. வாசற்படிக்கு வந்த மரியாதை மெல்ல மெல்ல வீட்டையே மிஞ்சிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்தது. பக்கத்துக்கு இருபது பேர். ஸ்காட்லாந்து வென்றது. அவர்களுக்குக் கோல் வாங்கித் தந்த ட்ரை செல்லாது என்று ஆங்கிலேயர்கள் அன்றே வாதாடினார்கள். அதாவது முதல் ஆட்டத்திலேயே முதல் வழக்கு. அன்று நடுநிலையாளராக நின்ற ஆல்மண்ட் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். தனக்கும் சந்தேகம்தான் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டு, சந்தேகம் வந்தால் அதிகம் கத்துகிற அணிக்கு எதிராக முடிவு சொல்லிவிடுவது நியாயம், பெரும்பாலும் தப்பு அவர்கள் பக்கம்தான் இருக்கும் என்ற கருத்தில் எழுதிவைத்தார். நம் மாவட்ட நீதிமன்றங்களில் இப்படி நினைக்கிற நீதிபதிகளை நான் பார்த்திருக்கிறேன். நிபந்தனையை மீறிவிட்டேன், மன்னிக்கவும்.

இப்போது 1884க்கு வருகிறேன். என் பார்வையில் ரக்பிச் சட்ட வரலாற்றின் மூல வழக்கு இதுதான்.

மார்ச் 1. லண்டனுக்கு அருகே பிளாக்ஹீத். அதே இரு நாடுகள். நடுவர் அயர்லாந்துக்காரர், ஜார்ஜ் ஸ்கிரிவன். அன்றைய பரிசுக் கோப்பைக்கு நம் நாட்டோடு உறவு உண்டு. கல்கத்தாவில் ஆடிய வெள்ளைக்காரர்களின் ரக்பிச் சங்கம் ஆளில்லாமல் கலைந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, கைப்பிடிக்கு மூன்று நாகப்பாம்பு, மூடியின் உச்சியில் ஒரு யானை என்று இங்கேயே வேலைப்பாடு செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கல்கத்தா கோப்பை என்று பெயர். 1879 முதல் இவ்விரு நாடுகளும் அதற்காகத்தான் மோதுகின்றன. 1988இல் ஆட்டம் முடிந்த இரவில் இரு அணி வீரர்களும் போதையில் அதை எடின்பரோ தெருவில் உருட்டி விளையாடி நசுக்கியே விட்டார்கள். அது வேறு கதை.

ஆட்டத்தின் நடுவே ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்பக்கமாகத் தட்டினார். ஆங்கிலேயர்கள் எடுத்தார்கள், கிண்டர்ஸ்லி என்பவர் கொண்டுபோய்க் கோட்டுக்கு அப்பால் பதித்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் உடனே கையை உயர்த்தினார்கள். அவர்கள் வாதம் என்ன தெரியுமா? "பந்தைப் பின்னால் தட்டியது தப்பு. தப்பு நடந்த இடத்திலேயே ஆட்டம் நின்றிருக்க வேண்டும். ஆகவே அதற்குப் பிறகு வந்த ட்ரை செல்லாது." சரி, தப்புச் செய்தது யார்? "நாங்கள்தான்."

சிரிக்கிறீர்கள். ஆனால் வாதம் அவ்வளவு பைத்தியக்காரத்தனமானது அல்ல. தப்பு நடந்தாலும் பாதிக்கப்பட்டவனுக்கு அனுகூலமாக ஆட்டத்தை ஓடவிடலாம் என்கிற 'அட்வான்டேஜ்' ஏற்பாடு அன்று சட்டத்தில் இல்லை. எழுத்துப்படி பார்த்தால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. இங்கிலாந்தின் பதில் இரண்டு அடுக்கு: எங்கள் ஊர் வழக்கத்தில் பின்னால் தட்டுவது தப்பே அல்ல, தப்பென்றே வைத்துக்கொண்டாலும், உன் தப்பால் நீயே பலனடைய முடியாது. இந்த இரண்டாவது அடுக்கைச் சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவன் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். மைதானத்தில் வாதம் நடந்து முடிந்து, கடைசியில் ட்ரை கொடுக்கப்பட்டது. போல்டன் அதைக் கோலாக்கினார். இங்கிலாந்து வென்றது.

மைதானத்தில்தான் முடிந்தது. கடிதங்கள் பறந்தன. 1885இல் இரு நாடுகளும் ஆடவே இல்லை. 1886இல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு சர்வதேச வாரியத்தை அமைத்தன. இங்கிலாந்து சேர மறுத்தது. ஆட்டத்துக்குச் சட்டம் எழுதியவர்கள் நாங்கள், எங்களிடமே அதிக சங்கங்கள் இருக்கின்றன, நான்கில் ஒரு பங்காக உட்கார முடியாது என்றது. மற்ற மூவரும் 1888இலும் 1889இலும் இங்கிலாந்தோடு ஆடாமல் ஒதுக்கிவைத்தார்கள். கிராமத்தில் தண்ணீர், நெருப்பு கொடுக்காமல் விலக்கிவைப்பார்களே, அதுபோல. முடிவில் இரண்டு பேர் கொண்ட பஞ்சாயத்து. ஒருவர் ஸ்காட்லாந்தின் மூத்த நீதிபதி கிங்ஸ்பரோ பிரபு. மற்றவர் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் மேஜர் மரிண்டின். வாரியத்தின் பன்னிரண்டு இடங்களில் ஆறு இங்கிலாந்துக்கு, சர்வதேச ஆட்டங்களுக்கு ஒரே சட்டம் என்று 1890இல் தீர்த்துவைத்தார்கள். அந்த வாரியம்தான் பல பெயர் மாறி இன்று உலக ரக்பி அமைப்பாக இருக்கிறது. ஒரே ஒரு ட்ரை, அதுவும் பந்து மண்ணில் பட்டதா என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லாத ஒரு ட்ரை, ஓர் ஆட்சி அமைப்பையே பெற்றெடுத்திருக்கிறது.

பந்து பட்டதில் சந்தேகமே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்த வழக்கு அதற்கு நேர் எதிரானது.

1905 டிசம்பர் 16, கார்டிஃப். நியூசிலாந்தின் முதல் பெரிய சுற்றுப்பயணம். பிரிட்டனில் வந்த எல்லோரையும் கசக்கிப் பிழிந்துவிட்டு வேல்ஸிடம் வருகிறார்கள். வேல்ஸ் வீரர் டெடி மார்கன் ஒரு ட்ரை போட்டு 3–0. இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டை நோக்கி ஓடி, பிடிபட்டு, விழுந்தார். நடுவர் ஜான் டல்லஸ் பின்னாலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. ட்ரை இல்லை என்றார். 3–0 அப்படியே நின்றது. அந்தப் பயணத்தில் நியூசிலாந்து தோற்ற ஒரே ஆட்டம்.

நான் கோட்டைத் தாண்டிப் பதித்துவிட்டேன், பிறகுதான் என்னைப் பின்னால் இழுத்தார்கள் என்று டீன்ஸ் ஒரு பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தார். கோட்டுக்குச் சில அங்குலம் முன்பே விழுந்தார் என்று டல்லஸ் எழுதினார். டீன்ஸ் 1908இல், 24 வயதில் இறந்துபோனார். வழக்கு இறக்கவில்லை. இரு நாட்டிலும் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

இதில் என்னை ஈர்ப்பது வேல்ஸ் வீரர் ரீஸ் கேப் சொன்ன சாட்சியம். டீன்ஸைப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். டீன்ஸ் பதித்துவிட்டார் என்றுதான் முதலில் அவரும் நினைத்தாராம். ஆனால் பிடியில் இருந்த உடம்பு இன்னும் முன்னால் போகத் திமிறுவது கைக்குத் தெரிந்தது. கோட்டைத் தொட்டவன் ஏன் திமிற வேண்டும்? ஆகவே தொடவில்லை என்று முடிவுகட்டி இழுத்தேன் என்றார். 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் எட்டாவது பிரிவை நான் முப்பது வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 2024 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தில், நடத்தை என்பதும் பொருத்தமான சான்று என்று சொன்ன பிரிவு. இதைவிட நல்ல உதாரணம் எனக்கு எந்தத் தீர்ப்பிலும் கிடைத்ததில்லை. என் சித்தப்பா பார்த்த முகமும் அதே பிரிவுக்குள்தான் வந்திருக்கும். பதித்தவன் முதலில் கையை உயர்த்துவான், பதிக்காதவன் முதலில் நடுவரைப் பார்ப்பான் என்பது அவர் கட்சி. ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். குறுக்கு விசாரணையில் இரண்டு சாட்சிகளுமே தேற மாட்டார்கள். கேப் எதிரணிக்காரர், சித்தப்பா எண்பது அடி தள்ளி நின்றவர்.

என் வாதத்தை இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மக்கள் நூறு வருஷம் பேசுவது டீன்ஸைப் பற்றி. கிண்டர்ஸ்லியை இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் டீன்ஸின் வழக்கு சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. 'நடந்ததா இல்லையா' என்ற சண்டையில் சட்டம் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. 'நடந்தது, ஆனால் செல்லுமா' என்ற சண்டைதான் சட்டத்தை வளர்க்கிறது. ரக்பிச் சட்டப் புத்தகத்தில் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், யாரோ ஒரு கெட்டிக்காரன் அந்த வரி இல்லாத காலத்தில் செய்த காரியம் ஒளிந்திருக்கிறது.

சட்டைக்குள் பந்து என்பது அப்படி ஒன்று. 1975இல் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் கிராமப்புற அணிக்கும் சிட்னி அணிக்கும் ஆட்டம். பயிற்சியாளர் டாரில் ஹாபரெக்ட் கற்றுக்கொடுத்த வித்தையின்படி, வீரர்கள் எதிரணிக்கு முதுகைக் காட்டி ஒரு வேலிபோல வரிசையாக நின்றார்கள். மறைவில் கிரெக் கார்னெல்சன் பந்தைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார். திடீரென்று எல்லோரும் ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு பந்து வைத்திருப்பதுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சிட்னிக்காரர்கள் யாரைப் பிடிப்பது? ட்ரை. அன்றைய சட்டத்தில் அதைத் தடுக்க ஒரு வரி இல்லை. சட்டைக்குள் பந்தை ஒளிப்பார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்? பிறகு அந்த வழி அடைக்கப்பட்டது.

கோல் கம்பத்தின் கதை இன்னும் அண்மையது. கம்பம் நடப்பட்டிருப்பது கோட்டின்மேல். கோடு எதிரணியின் எல்லைக்குள் சேர்த்தி. எனவே கம்பத்தின் அடியில் பந்தைப் பதித்தாலும் ட்ரை என்பது பழைய சட்டம். வீரர்கள் மோதி மண்டை உடையாமலிருக்கக் கம்பத்தைச் சுற்றி மெத்தை கட்டினார்கள்; மெத்தையும் கம்பத்தின் பகுதி ஆயிற்று. மெத்தை பெருத்தது. மெத்தை எவ்வளவு முன்னால் துருத்துகிறதோ, கோடு அவ்வளவு முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். தடுப்பவனோ கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். மெத்தைக்கு முன்னால் வந்து நின்றால் ஆஃப்சைட். தாக்குகிறவன் குனிந்து பந்தை மெத்தையில் முட்டினால் ஐந்து புள்ளி. தடுக்க வழியில்லாத ஒரு முழத் துணி. சில இடங்களில் தடுக்கும் அணிக்காரர்கள் வேறு வழியின்றி மெத்தையையே தூக்கி நகர்த்த ஆரம்பித்தார்கள். காயம் தடுக்க வைத்த பொருள் காயத்துக்கு வழி செய்தது. 2020 மே மாதம் உலக ரக்பி அமைப்பு அந்த வரியை நீக்கிவிட்டது. இப்போது மண்ணில் மட்டும்தான்.

நீக்காமல் வைத்திருக்கும் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பந்தைக் கையில் பிடித்திருப்பவனின் கால் விரல் நுனி பக்கக் கோட்டில் பட்டாலும் அவன் வெளியே. அவன் பதித்தது செல்லாது. 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் மார்க் கியூட்டோவுக்கு நேர்ந்தது அதுதான். பாய்ந்து விழும்போது இடது கால் கோட்டை உரசியதா என்று நிமிடக்கணக்கில் படத்தை ஓட்டிப் பார்த்து, உரசியது, ட்ரை இல்லை என்றார்கள். தென்னாப்பிரிக்கா 15–6 என்று வென்றது. ஆனால் பந்தைப் பிடிக்காதவன் மைதானத்துக்கு வெளியே புல்லில் மல்லாந்து கிடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து உருண்டு எதிரணி எல்லைக்குள் அவன் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. வெளியே கிடந்தபடியே கையை நீட்டிப் பந்தை மண்ணில் அழுத்தினால் அது ட்ரை. செல்லும். தூக்கினால் செல்லாது. என் பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வெளியில நின்னே விளையாடலாமே தாத்தா" என்றாள். அவளைச் சட்டம் படிக்க வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் ஒரு கேள்வியைத் தள்ளியே வைத்தேன். யார் பார்க்கலாம்? எவ்வளவு தூரம் பார்க்கலாம்? 1905இல் இந்தக் கேள்வி எழவில்லை. ஒரு ஜோடிக் கண்தான் இருந்தது. நமக்குத் தெரிந்த கதையாகச் சொன்னால், 1992இல் டர்பனில் டெண்டுல்கரை மூன்றாவது நடுவர் படம் பார்த்து ரன் அவுட் கொடுத்தாரே, அன்று தொடங்கியது இந்த வில்லங்கம். ரக்பியிலும் பிறகு தொலைக்காட்சி நடுவர் வந்தார். அவரை எல்லாவற்றுக்கும் கேட்க முடியாது. பந்து பதிந்ததா, பதிக்கும்போது கால் வெளியே போயிற்றா என்று மட்டும் கேட்கலாம் என்று அதிகார எல்லை போட்டார்கள்.

2011 மார்ச், கார்டிஃப், வேல்ஸ்–அயர்லாந்து. அயர்லாந்து உதைத்த பந்து கூட்டத்துக்குள் போய்விட்டது. பந்து எடுத்துத் தரும் பையன் ஒருவன் வேறொரு பந்தை வேல்ஸின் மேத்யூ ரீஸிடம் கொடுத்தான். ரீஸ் நொடியில் உள்ளே எறிய, மைக் ஃபிலிப்ஸ் பிடித்து ஓரமாக ஓடிப் பதித்தார். வேக எறி எறிய வேண்டுமானால் வெளியே போன அதே பந்து வேண்டும், வேறு யார் கையும் பட்டிருக்கக் கூடாது என்பது சட்டம். நடுவர் கப்லான் கோட்டு நடுவரைக் கேட்டார்: அதே பந்துதானா? ஆமாம் என்றார் அவர். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் வேறு பந்து என்று கண்ணால் கண்டார்கள். நடுவரால் படத்தைக் கேட்க முடியவில்லை, அது அதிகார எல்லைக்குள் இல்லை. வேல்ஸ் 19–13. அந்தப் பந்துப் பையனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நல்ல எண்ணத்தில் கொடுத்திருப்பான்.

வெய்ன் பார்ன்ஸின் கதைக்கு வருகிறேன். தொழிலால் வழக்கறிஞர், இங்கிலாந்துக்காரர். 2007 உலகக் கோப்பை காலிறுதியில், அதுவும் கார்டிஃபில்தான், பிரான்ஸ்–நியூசிலாந்து ஆட்டத்துக்கு நடுவர். வயது 28. பிரான்ஸின் டிராய் மிஷலாக்குக்கு எறிந்த பந்து முன்னால் போனது. தொடர்ந்து ஜோசியோன் ட்ரை போட்டார். பிரான்ஸ் 20–18. இங்கே ஓர் இடைக்குறிப்பு: ஓடுகிறவன் கையிலிருந்து பின்னால் போகும் பந்துகூடத் தரையை வைத்துப் பார்த்தால் முன்னால் போனதுபோலத் தெரியும், ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து பின்பக்கம் எறிந்த வேர்க்கடலைத் தோலும் பேருந்தோடு கொஞ்சம் முன்னால் வந்துதான் விழும். அதனால் கையை விட்டுப் புறப்படும் திசையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இந்த எறி அந்தச் சலுகைக்குள்ளும் அடங்கவில்லை. பார்ன்ஸ் பார்க்கவில்லை. படத்தைக் கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கியூட்டோவின் கால் விரலுக்கு நிமிடக்கணக்கில் படம் ஓட்டிய அதே போட்டியில், இந்த எறிக்கு ஒரு நொடிப் படம் இல்லை. நியூசிலாந்தில் அவர் பெயரை வருஷக்கணக்கில் சபித்தார்கள்.

படிப்பினை எடுத்தார்கள். தொலைக்காட்சி நடுவரின் எல்லையை விரித்தார்கள்: ட்ரைக்கு முந்தைய ஆட்டத்தையும் பார்க்கலாம், ஆனால் இரண்டு கட்டத்துக்கு மேல் பின்னால் போகக் கூடாது. வீரன் வீழ்த்தப்பட்டு, பந்து மீண்டும் கைக்கு வந்து நகர்ந்தால் ஒரு கட்டம். இது நம் காலவரையறைச் சட்டம் மாதிரி. தப்பு உண்மையாகவே இருக்கட்டும், காலம் கடந்துவிட்டால் கேட்க முடியாது.

2023 அக்டோபர் 28, பாரிஸ். உலகக் கோப்பை இறுதியாட்டம், நியூசிலாந்து–தென்னாப்பிரிக்கா. நடுவர் அதே பார்ன்ஸ். நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் கோட்டைத் தாண்டிப் பதித்தார். பார்ன்ஸ் கொடுத்துவிட்டார். தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலி குறுக்கிட்டார்: முன்னதாக, பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்-அவுட்டில் ஆர்டி சாவியா கையிலிருந்து பந்து முன்னால் தட்டுப்பட்டிருக்கிறது. படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ட்ரை ரத்து. ஆனால் அந்தத் தட்டல் இரண்டு கட்டத்துக்கும் முந்தையது. பார்த்தது உண்மை. பார்த்திருக்கக் கூடாது என்பதும் உண்மை. சில நிமிடத்தில் போடன் பாரெட் வேறு ஒரு ட்ரை போட்டார், அதற்கான உதை தவறியது. தென்னாப்பிரிக்கா 12–11. அடுத்த சில நாளில் பார்ன்ஸ் ஓய்வை அறிவித்தார். ஃபோலி, குடும்பத்துக்கே வந்த வசைகள் தாங்காமல் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஒதுங்கினார்.

ஒரே நடுவர், தோற்றது ஒரே அணி, நடுவே பதினாறு வருஷம். முதல் தடவை தப்பைப் பார்க்க முடியாததால் ட்ரை நின்றது; இரண்டாம் தடவை தப்பை மிகச் சரியாகப் பார்த்ததால் ட்ரை போனது. நியூசிலாந்துக்காரர்களுக்கு இரண்டுமே அநியாயம். அவர்கள் சொல்வது முரண்பாடு என்று சிலர் கேலி செய்தார்கள். நான் செய்ய மாட்டேன். திருடன் வீட்டில் போலீஸ் ஆணையில்லாமல் நுழைந்து எடுத்த பொருளைச் சான்றாக ஏற்கலாமா என்று உலகமெங்கும் நீதிமன்றங்கள் இன்னும் முட்டிக்கொள்கின்றன. பொருள் இருந்தது உண்மையே என்பதோடு அந்தக் கேள்வி முடிவதில்லை.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 பிப்ரவரி, எடின்பரோ, பிரான்ஸ் 20–16 என்று முன்னே. கடைசி நொடியில் ஸ்காட்லாந்தின் சாம் ஸ்கின்னர் குவியலுக்குள் விழுந்தார். நடுவர் நிக் பெரி, பந்து தரையில் படவில்லை என்று களத்தில் முடிவு சொல்லிவிட்டுத்தான் படம் கேட்டார். பந்து யாருடைய பூட்ஸின் மேலோ இருந்தது, பிறகு நழுவியது. மண்ணைத் தொட்டதா? தொட்டிருக்கும் என்று மைதானம் முழுக்க நினைத்தது. தெளிவான ஆதாரம் இல்லை, களத்து முடிவு நிற்கும் என்றார்கள். நடுவர் முதலில் 'ட்ரை' என்று சொல்லியிருந்தால் அதே படத்தை வைத்து ட்ரை நின்றிருக்கும். நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு 'அம்பயர்ஸ் கால்' என்றால் புரியும்.

கடைசியாக, தலைப்புக்கு வருகிறேன். எதிராளியைத் தாண்டிக் குதிப்பது ஆபத்து, கூடாது. ஆனால் கோட்டை நோக்கி உடம்பை எறிந்து பதிப்பது காலகாலமாக ஆட்டத்தின் அழகு. கீழே ஒருவன் கிடக்கும்போது அவனுக்கு மேலாக எறிந்துகொண்டால்? உலக ரக்பி அமைப்பு அண்மை ஆண்டுகளில் தந்த விளக்கம்: பதிக்கப் பாய்ந்தால் சரி, எதிராளியைக் கடக்கத் தாவினால் தண்டனை. 2025 ஜூலை, மெல்போர்னில் தொண்ணூறாயிரம் பேருக்கு முன்னால் பிரிட்டன்–அயர்லாந்து கூட்டணியான லயன்ஸ் அணியின் டான் ஷீஹன் ஆஸ்திரேலியத் தடுப்பாளர்களுக்கு மேலாகப் பறந்து பதித்தார். செல்லும் என்றார்கள். லயன்ஸ் 29–26. பேச்சு அன்றோடு நிற்கவில்லை.

நம் மொழியில் இந்தச் சிக்கல் இருக்காது என்று எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. ஆடு வேலியைத் தாவும். புலி மான்மேல் பாயும். தாவுகிறவனுக்கு நடுவில் ஒரு தடை வேண்டும். பாய்கிறவனுக்கு எதிரில் ஓர் இலக்கு வேண்டும். எவ்வளவு துல்லியம்! ஷீஹன் பறந்த அந்தப் படத் துணுக்கைப் போன மாதம் ஒரு வகுப்பில் போட்டுக் காட்டி, தாவினான் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதிக் கைகள். பாய்ந்தான் என்பவர்கள்? மீதிப் பாதி. மெதுவாக ஓட்டிக் காட்டினேன். சிலர் கட்சி மாறினார்கள், கணக்கு மட்டும் மாறவில்லை. கடைசி வரிசையில் இரண்டு தடவையும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அடியில கிடந்தவர்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா சார்?" என்றாள்.